ஞாயிற்றுக்கிழமை மீனும் சிப்ஸும்

என்னங்க,

நான் அங்கே திரும்பி வர டிக்கெட் எப்போது போடட்டும் என்று கேட்டிருந்தீர்கள். அதற்கு முன் மீன் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

அப்பாவைப் பார்க்க வந்த இந்த எட்டு மாதத்தில், ஃபிஷ் அண்ட் சிப்ஸ் தேடித் தேனியில் நான் ஏறி இறங்காத ஹோட்டல் இல்லை. கம்பத்தில் ஒருவர் மிளகாய்த்தூள் தடவிப் பொரித்த மீனோடு, உருளைக்கிழங்கு வறுவலுக்குப் பதில் நேந்திரங்காய் சிப்ஸைக் கொண்டுவந்து வைத்தார். ரொம்ப நேரம் சிரித்தேன்.

கடைசியில் பெரியகுளம் சாலையில் மாரீஸ்வரி என்ற பெண் நடத்தும் சின்னக் கடையில் கிடைத்தது. முதல் தடவை மீன் ரொம்ப எண்ணெய் குடித்திருந்தது. குளிர்ந்த சோடா ஊற்றி மாவைக் கரைக்கச் சொன்னேன். மறுவாரம் போனதும், "அக்கா, நீங்க சொன்னாப்புலயே செஞ்சிருக்கேன், தின்னு பாருங்க" என்று தட்டை நீட்டினாள்.

மொறுமொறுவென்று உடைந்தது. எனக்கு இங்கிலாந்து வந்த புதிதில் நாம் போன விட்பி கடற்கரை ஞாபகம் வந்துவிட்டது. நமக்குக் கல்யாணமான புதிது. உங்கள் கையிலிருந்த மீனைக் கடற்பறவை கொத்திக்கொண்டு போனது. வெறும் காகிதத்தைப் பிடித்தபடி விழுந்து விழுந்து சிரித்தீர்கள். அதற்குப் பிறகு பதினாறு வருடம் அந்த வீட்டில் இருந்தேன். அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்கவே இல்லை.

"ஞாயித்துக்கிழமை மட்டும் இங்கன வந்து நீங்களே போட்டுத் தாரீகளா அக்கா?" என்று மாரீஸ்வரி கேட்டாள். யோசிக்காமல் சரி என்றேன். போன வாரம் மதியத்துக்குள் எல்லாம் தீர்ந்துவிட்டது. அப்பாவே இரண்டு தட்டு சாப்பிட்டார்.

மாத்திரையை நேரத்துக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அலமாரியில் தொங்கும் என் குளிர்காலக் கோட்டை யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டில் இருந்தவள்