ஃப்யூஸ் கட்டையில் வளர்ந்த பவளம்

அன்பு மகள் ஏஞ்சலினுக்கு,

அம்மா உபகாரமேரி எழுதுவது. மாதாவின் தயவில் நானும் அப்பாவும் உயிரோடும் திமிரோடும் இருக்கிறோம், அவருடைய முட்டிவலி மட்டும் அப்படியே. நீ அந்த அயர்லாந்துக் குளிரில் நைட் டூட்டி முடித்துவிட்டு வெறும் வயிற்றோடு படுக்காமல் இருந்தால் அதுவே எனக்குப் போதும். இதைப் போனில் சொல்லாமல் எழுதுவதற்குக் காரணம் உன் அப்பாதான். அவர் காதில் விழுந்தால் மதியத்துக்குள் ரெக்ஸ் காதுக்குப் போய்விடும். உன் சிநேகிதி ஷாலினி லீவு முடிந்து கிளம்புகிறாள், அவளிடம் கொடுத்தனுப்புகிறேன். கல்வராயன்மலைத் தேன் பாட்டிலும் அதே பையில் இருக்கிறது, படுக்கவைக்காதே, ஒழுகும்.

போன வருஷம் வேளாங்கண்ணித் திருவிழாவுக்குப் போன ஒன்பது நாளும் வீட்டுச் சாவியை ரெக்ஸிடம்தான் கொடுத்தேன், சொந்த அண்ணன் மகனாயிற்றே, உன் கடல்மீன் தொட்டியில் தண்ணீர் வற்ற வற்ற ஊற்றுவான் என்று. திரும்பி வந்தால் உன் பொத்தான் பவளம், பொத்தான் பொத்தானாய் விரியும் அந்த உயிர்ப் பவளம், இருந்த இடம் காலி. ரசீதோடு நகத்தளவு துண்டு வாங்கி, நான்கு வருஷமாய் விரித்த கையளவு வளர்த்தாயே, அது. செத்துப்போச்சு அத்தே, நாறிக்கினு கெடந்துச்சு, கழுவிக் கொட்டிட்டேன் என்று முகத்தைத் தொங்கப்போட்டுச் சொன்னான். நீ போனில் இரண்டு நாள் அழுதாய். நானும் அவனை நம்பினேன், அதை நினைத்தால்தான் இன்னும் வயிறு எரிகிறது. தை மாதம் செல்லில் எதையோ தள்ளிக்கொண்டிருந்தபோது நைனார்பாளையத்தில் அவன் வைத்திருக்கும் மீன் கடைப் படம் வந்தது. சொந்த வளர்ப்பு என்று போட்டு உன் பவளத்தை வெட்டி வெட்டி விற்கிறான். நம்முடையதுதான், சந்தேகமே வேண்டாம். செம்பு பட்டால் பவளம் செத்துவிடும் என்று கம்பியைப் பிடுங்கிவிட்டு அப்பாவின் பீங்கான் ஃப்யூஸ் கட்டையில் அதை ஒட்டினாய் அல்லவா, அந்த வெள்ளை மூலையும் திருகு ஓட்டையும் படத்தில் பளிச்சென்று தெரிகிறது. லைன்மேன் இன்னாசி வீட்டு ஃப்யூஸ் கட்டை நைனார்பாளையம் வரை நீந்தியா போகும்? அப்பாவிடம் காட்டினால், நம்ம புள்ளதானே, வுட்டுத் தொலை மேரி என்கிறார். நானா விடுவேன்?

உன் பழைய தொட்டி மோட்டாரின் முதுகில் நான்கே நான்கு பொத்தான் ஒட்டிக்கொண்டு பிழைத்திருந்தது. அதற்காகவே புதிதாக ஒரு தனித்தொட்டி வைத்தேன். இரண்டடி நீளம், ஆழம் கம்மி, வெளிச்சம் அடிவரைக்கும் போகவேண்டும் என்று நீ சொல்வாயே, அப்படி. மணலும் போடவில்லை, கல்லும் போடவில்லை, கட்டம் கட்டமான பிளாஸ்டிக் வலையைப் படுக்கப்போட்டு அதன்மேல் துண்டுகளை வரிசையாக உட்கார வைத்திருக்கிறேன். உப்புத் தண்ணீரை ஒரு நாள் முழுக்கக் கலக்கவிட்டு, அளந்து பார்த்துத்தான் ஊற்றினேன். மலையில் மழை பிடித்தால் இங்கே கரண்ட் போய்விடுகிறது, அதனால் இன்வெர்ட்டர் வயரை ஹால் ஃபேனிலிருந்து பிடுங்கித் தொட்டிக்குக் கொடுத்துவிட்டேன். அப்பா வியர்க்க வியர்க்க உட்கார்ந்திருக்கிறார், நன்றாக உட்காரட்டும், வுட்டுத் தொலை என்றார் அல்லவா. வெட்டி வெட்டி வைத்தால் ஒவ்வொரு துண்டும் தனியாக வளரும், ஆனால் கையுறையும் கண்ணாடியும் போடாமல் நான் பிளேடைத் தொடுவதில்லை, பவளத்தின் சாறு விஷம் என்று நீ பயமுறுத்தியது நினைவிருக்கிறது. நான்கு இப்போது இருபத்தாறு.

தவக்காலத்தில் ரெக்ஸ் வந்தான். வருஷக்கணக்காய்த் தொட்டியில் ஊறிப் பழகின கல் ஒன்று இருந்தால் தன் தொட்டித் தண்ணீர் நன்றாக இருக்கும், பழைய தொட்டியிலிருந்து கொடு என்றான். நான் ஒன்றும் தெரியாதவள் மாதிரி சிரித்தேன். பழைய தொட்டியில் ஒரு பழுப்புக் களைப்பூ உண்டே, பூ மாதிரி விரியும் கடல் பூச்சி, அம்மா அதைச் சுரண்டிவிடாதே, ஒன்று சுரண்டினால் பத்து முளைத்துப் பவளத்தைத் தேள் மாதிரி கொட்டும் என்று நீ தலையில் அடித்துக்கொண்டு சொன்னது. அது இரண்டு ஒட்டியிருந்த கல்லாகப் பார்த்து எடுத்து, காபியும் கொடுத்து அனுப்பினேன். இருபது நாளில் போன். அத்தே, இன்னாவோ பூப்பூவா மொளைக்குது, இன்னா பண்றது என்று. பிளேடால நல்லா சுரண்டி வுடு கண்ணு என்றேன். சுரண்டினான். கண்ணாடி, குழாய், மோட்டார் என்று ஒரு இடம் பாக்கியில்லாமல் இப்போது அதுதான். பாஸ்கா திருநாளுக்கு முன்னால் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். அப்பாவைத் திட்டியதை மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். இதைச் சொன்னால் செய்ததற்கு மனஸ்தாபப்பட்டு வருந்த வேண்டும், எனக்கு அது துளியும் இல்லை.

போன சனிக்கிழமை அவனே வாளியோடு வாசலில் நின்றான். களை சாகத் தொட்டியைக் காயப்போட வேண்டுமாம். மெட்ராசுல வாங்குனது அத்தே, ரெண்டு மாசம் உன் புதுத் தொட்டியில வெச்சுக்கோ, பூ வராத எடம் அதான் என்றான். எட்டிப் பார்த்தேன். ஃப்யூஸ் கட்டையோடு உன் பவளம். எனக்குக் கண் கலங்கிவிட்டது ஏஞ்சலின், உப்புத் தண்ணீர் தெறித்துவிட்டது என்று சமாளித்தேன். நேராகத் தொட்டியில் போட நான் என்ன ரெக்ஸா? மருந்துத் தண்ணீரில் அலசி, தனி டப்பில் வைத்திருக்கிறேன். ஆறு வாரம் பார்த்து, களை ஒன்றுகூட இல்லையென்றால்தான் தொட்டிக்குப் போகும். பாதியை விற்றுத் தின்றிருக்கிறான் பாவி. மிச்சம் இருந்தது நேற்று முழுசாக விரிந்துவிட்டது.

தூரதேசத்தில் இருக்கும் உன் தலைமேல் ஆண்டவர் கை இருக்கட்டும், நீ தொடுகிற நோயாளியெல்லாம் எழுந்து நடக்கட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. அந்தக் களைக்கு மருந்து கேட்டு ரெக்ஸ் உனக்கு மெசேஜ் போடுவான். உன் இளகிய மனசு எனக்குத் தெரியும், வாயைத் திறக்காதே. பவளத்தைத் திருப்பிக் கேட்டு என்னிடமும் வருவான், வரட்டும். முகத்தை எப்படித் தொங்கப்போடுவது என்று கண்ணாடி முன்னால் நின்று பழகிவைத்திருக்கிறேன். செத்துப்போச்சு கண்ணு, நாறிக்கினு கெடந்துச்சு, கழுவிக் கொட்டிட்டேன்.

ஆயிரம் முத்தங்களுடன்,
உன் அம்மா
அ. உபகாரமேரி
கள்ளக்குறிச்சி