போட்டோ நெற்றியில் பொட்டு

12-5-82, புதன். காலை 5.10. விழுப்புரம்.
வேன் கிளம்பியது. என்னையும் சேர்த்துப் பாலிடெக்னிக் பையன்கள் பன்னிரண்டு, சார் ஒருவர். திண்டிவனத்தில் ஏழுமலை ஏறினால் பதினான்கு. மத்தியானம் மெட்ராஸ் துறைமுகம், சாயங்காலம் கல்விச் சுற்றுலாவுக்குச் சிங்கப்பூர் கப்பல். இப்போதே புழுக்கம். வழியனுப்ப வந்தவர்களால் அரை மணி வீண்.

6.30. திண்டிவனம்.
ஏழுமலை, அவன் அம்மா, ஒரு தூக்கு மல்லாட்டை (வேர்க்கடலை) உருண்டை. சார் அவன் பாஸ்போர்ட்டைப் பிரித்தார். என்னிடம் நீட்டினார். நாலு மூலையிலும் மஞ்சள். உள்ளே போட்டோவில் ஏழுமலையின் நெற்றியில் குங்குமப் பொட்டு. ஈர மஞ்சள் மேல் வைத்தது. மஞ்சள் மூக்கு வரை வழிந்திருக்கிறது.

"வெறும் நெத்தியா இருந்தான் தம்பி. கடல் தாண்டிப் போற புள்ள. திருவக்கரை அம்மன்கிட்ட வச்சிக் கும்புட்டு எடுத்தாந்தேன்."

"ஏம்மா, கல்யாணப் பத்திரிகைன்னு நெனச்சிக்கினீங்களா? இது கவர்மெண்டு பேப்பரு. ஆளையே ஏத்த மாட்டான்," என்று கத்தினேன்.

அந்த அம்மா முகம் செத்துவிட்டது. முந்தானையை நனைத்துத் துடைக்க வந்தார். பிடுங்கிக்கொண்டேன். தண்ணீர் பட்டால் சீல் மையும் போகும். ஒருவன் சோப்பு எடுத்தான். சோப்பு பட்டால் மஞ்சள் சிவக்கும், முட்டாள்.

"எங்கம்மாவ ஒண்ணும் சொல்லாத," என்றான் ஏழுமலை. சரி.

8.00. வேனில்.
பஞ்சால் குங்குமத்தை உதிர்த்தேன். மஞ்சள் கறை வெயிலில் வெளுக்கும். முன் கண்ணாடியில் பாஸ்போர்ட்டைப் பிரித்துப் பிடித்தபடி வருகிறேன். கை மரத்துவிட்டது.

டிரைவர்: "இன்னா தம்பி, ஃபாரின் போற வண்டியில வத்தல் காயப் போட்டுக்கினு வர்றீங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். ஏழுமலை மட்டும் இல்லை. உருண்டை நன்றாக இருக்கிறது. மூன்று தின்றேன்.

12.20. துறைமுகம். வரிசையில்.
மஞ்சள் முக்கால்வாசி போய்விட்டது. நெற்றியில் குங்குமத்தின் சிவப்புக் கறை மட்டும் அப்படியே. சார் நாலாவது முறை தண்ணீர் குடிக்கிறார். முன்னால் ஆபீசர் ஒவ்வொரு போட்டோவையும் ஆளையும் மாறி மாறிப் பார்க்கிறார்.

ஏழுமலை மெதுவாகச் சொன்னான்: "நிறுத்திட்டாங்கன்னா நீங்க போங்கடா. நான் பஸ் புடிச்சிப் போய்க்கிறேன். கப்பல் ரிப்பேருன்னு சொல்லிடறேன். பொட்டு வச்சதாலன்னு அம்மாவுக்குத் தெரியக் கூடாது."

பேஜாரு பிடித்தவன். அவனுக்கு முன்னால் இன்னும் ஆறு பேர். செய்ய வேண்டியது:

1. அவனை ஒட்டிப் பின்னால் நிற்பது.
2. ஆபீசர் கேட்டால் நான் பேசுவது. கத்தாமல். அம்மா வைத்தது என்று உள்ளதைச் சொல்வது.
3. அவனை விடாவிட்டால் என் பெட்டியையும் இறக்குவது. சார் திட்டினால் திட்டட்டும்.
4. விட்டால், கப்பலிலிருந்து அந்த அம்மாவுக்கு ஒரு கார்டு: பொட்டோடுதான் போகிறான்.