எட்டு அல்ல, ஒன்பது

மார்ச் 3

மதியம் சாப்பிட்ட கையோடு ஃபோனைத் திறந்தால் அமைச்சரின் பக்கத்தில் சந்தையையே காணோம். இணையக் கலைக்களஞ்சியத்தில் அவரைப் பற்றி ஒரு பக்கம் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் எழுதலாம், திருத்தலாம். நானும் பல வருடமாக அங்கே எழுதுகிறவள். அவர் மேயராக இருந்தபோது திறந்த சந்தைக் கட்டடம் நாலாவது மாதமே இடிந்து விழுந்து எட்டுப் பேர் செத்தார்களே, அந்தப் பத்தியை முழுசாகத் துடைத்துவிட்டார்கள். பதிலுக்கு ஒரே வரி: “நகரச் சந்தையை நவீனமாக்கினார்.”

நவீனமாக்கினாராம்! எழுதின கைக்குக் கூச்சமே இருக்காதா?

எட்டு என்பதே தப்பு. ஒன்பது. ஒன்பதாவது என் அக்கா. இரண்டாம் மாடியில் தையல் கடை வைத்திருந்தாள். இடிந்த அன்று சாகவில்லை, ஆஸ்பத்திரியில் பன்னிரண்டாம் நாள் போனாள். பத்திரிகைகள் முதல் நாள் எட்டு என்று எழுதின. அதற்கப்புறம் யாரும் எண்ணவில்லை. போன வருடம் நான் ஒன்பது என்று மாற்றினேன். “சான்று?” என்று கேட்டு ஒருவர் பழையபடி எட்டாக்கிவிட்டார். அங்கே எல்லாருக்கும் புனைபெயர். அவருக்குத் தராசு என்று பெயர்.

பத்தியைத் திரும்பப் போட்டேன்.

மார்ச் 4

மறுபடி துடைத்திருக்கிறார்கள். துடைத்தது நேற்றுத் தொடங்கின ஒரு பயனர் கணக்கு. இந்த ஒரு பக்கத்தைத் தவிர வேறு எதையும் தொட்டதில்லை. காரணம் எழுதும் இடத்தில் “நடுநிலை” என்று போட்டிருக்கிறது. உடம்பெல்லாம் எரிந்தது எனக்கு.

திரும்பப் போட்டேன். போட்ட வேகத்தில் புதிதாக ஒரு வரியும் சேர்த்தேன்: “பொறியாளரின் எச்சரிக்கையைப் படித்த பிறகும், கட்டடத்தைத் திறக்க மேயரே கையெழுத்திட்டார்.”

சான்று இல்லை. அக்காவை எடுத்த அன்று வாசலில் நின்ற அத்தனை பேரும் சொன்னது இது. போதாதா?

மார்ச் 5

போதாதாம். என் வரிக்குப் பக்கத்தில் தராசு “சான்று தேவை” என்று குறி போட்டுவிட்டார். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், பத்தியைத் துடைக்கிற அந்தக் கணக்கையும் அவர்தான் தடுத்து வைத்திருக்கிறார். இரண்டு பக்கமும் அடி. பெரிய நியாயவான்.

மார்ச் 9

திருத்துகிறவர்கள் விவாதிக்கிற உரையாடல் பக்கத்தில் மூன்று நாளாகச் சண்டை. “ஊருக்கே தெரிந்த விஷயம்” என்று எழுதினேன். “அப்படியென்றால் ஒரு சான்றாவது கிடைக்கும், தேடுங்கள்” என்கிறார். பிறகு சாவகாசமாக ஒரு கேள்வி: “இந்தச் சம்பவத்தோடு உங்களுக்குத் தனிப்பட்ட தொடர்பு ஏதேனும் உண்டா?” சொந்தக்காரர்கள் அந்தப் பக்கத்தைத் தாங்களே திருத்தக் கூடாது, உரையாடலில் கேட்கத்தான் வேண்டும். அதுதான் அங்கே வழக்கம்.

இல்லை என்று எழுதினேன்.

இந்தக் கடுப்பில், நான் வேலை பார்க்கிற கண்ணாடிக் கடையில் ஒரு பெரியவரின் கண்ணாடிக்கு இடது கண் லென்ஸை வலதில் மாட்டிக் கொடுத்துவிட்டேன். பாவம், வாசல் படியில் தடுமாறிப்போனார். முதலாளியம்மா கூப்பிட்டு, “ஏம்மா, கோபத்தையெல்லாம் வீட்டுலயே கழட்டி வச்சுட்டு வரமாட்டியா?” என்றார். கழட்டி வைக்கிற மாதிரியா இருக்கு அது?

மார்ச் 17

பேப்பரில் வந்துவிட்டது! அமைச்சரைப் பற்றி அரைப் பக்கக் கட்டுரை. நடுவில் அந்த வரி — மேயரே கையெழுத்திட்டார். உடனே அதைச் சான்றாக இணைத்தேன், “சான்று தேவை” குறியைத் தூக்கினேன். எங்கே போச்சு உங்க தராசு?

அத்தானுக்கு ஃபோன் செய்தேன். அக்கா போனதிலிருந்து சந்தையைப் பற்றி ஒரு வார்த்தை பேசாத மனுஷன். “நெஜமாவா? அச்சுலயே போட்டுட்டாங்களா?” என்று நாலு தரம் கேட்டார். சாயந்தரம் போய்ப் பார்த்தால் கட்டுரையை வெட்டி, அக்காவின் தையல் மெஷினுக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மார்ச் 21

தராசு எழுதியிருக்கிறார்: “அந்தக் கட்டுரையின் வரி உங்கள் வரிதான். ஒரு சொல் மாறவில்லை. நீங்கள் எழுதியது நான்காம் தேதி, அவர்கள் அச்சிட்டது பதினேழாம் தேதி. இங்கிருந்து எடுத்ததைத்தான் இங்கே சான்றாகக் காட்டுகிறீர்கள்.”

பத்து முறை ஒப்பிட்டுப் பார்த்தேன். அதே வரிதான். அந்த நிருபர் என்னத்தைக் கிழித்தார்? நம்ம பக்கத்தைப் பார்த்து எழுதிட்டு, அதுக்குக் கீழ பேரையும் போட்டுக்குவாங்களா?

சரி, நான் மட்டும் என்ன செய்தேன்?

மார்ச் 22

தராசுக்கு வேற வேலை வெட்டியே இல்லையா!

மார்ச் 26

லீவு போட்டுவிட்டு ஆவணக் கூடத்துக்குப் போனேன். சந்தை இடிந்ததைப் பற்றிய அரசு விசாரணை அறிக்கை இணையத்தில் இல்லை, அங்கே மனு எழுதிக் கொடுத்துத்தான் படிக்க முடியும். ஆறு வருடமாக ஏன் போகவில்லை? அந்த அறிக்கைக்குள்ளே அக்காவைப் பார்க்கப் பயம். வேறென்ன. அங்கிருந்த எழுத்தர் தடிமனான கட்டு ஒன்றை மேஜையில் வைத்து, “பென்சில் மட்டுந்தான்மா, பேனா கூடாது” என்றார்.

பக்கம் 64. திறப்பு உத்தரவில் கையெழுத்து துணை மேயருடையது. மேயர் அப்போது இரண்டு வாரம் வெளிநாட்டில் இருந்திருக்கிறார்.

கையெழுத்துப் போட்டது அவன் இல்லை. இத்தனை வருஷமா அந்தக் கையைத்தானே நான் திட்டிக்கிட்டிருந்தேன்? ஃபோட்டோவில் அவன் ரிப்பன் வெட்டும்போதெல்லாம் அந்த விரல்களைத்தானே பார்த்தேன்?

பக்கம் 71. பொறியாளரின் கடிதம் திறப்புக்கு ஐந்து வாரம் முன்பே மேயர் அலுவலகத்துக்கு வந்திருக்கிறது, அவர் ஊரில் இருந்தபோது. பெற்றுக்கொண்ட முத்திரை இருக்கிறது. அவர் படித்தாரா என்பதை உறுதி செய்ய இயலவில்லை, பதில் அனுப்பப்படவில்லை என்கிறது அறிக்கை.

பக்கம் 187. இறந்தோர் பட்டியல். ஒன்பது. கடைசிப் பெயர் அக்காவுடையது. வயது 41, தையல் தொழில், காயங்களால் பன்னிரண்டாம் நாள்.

எழுத்தர் கேட்காமலே ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

மார்ச் 27

காலையில் என் வரியை நானே நீக்கினேன். உரையாடல் பக்கத்தில் எழுதினேன்: “தொடர்பு இல்லை என்று சொன்னது பொய். பட்டியலில் ஒன்பதாவது பெயர் என் அக்கா. இனி நான் இந்தப் பக்கத்தைத் தொடமாட்டேன். கீழே உள்ளதைச் சரிபார்த்து வேறு யாராவது சேர்க்கவும்.” பக்க எண்களோடு மூன்று விஷயங்களையும் கொடுத்தேன். மேயர் வெளிநாட்டில் இருந்தார் என்பதையும்தான். அவனுக்குச் சாதகமான வரியை என் கையாலேயே எழுதும்படி ஆயிற்று. பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினேன்.

பேப்பருக்கும் திருத்தம் கேட்டு எழுதினேன்.

மார்ச் 28

அத்தானிடம் நேரில் போய்ச் சொன்னேன். அந்த வரி நான் எழுதினது, அது தப்பு, சுவரிலிருந்து எடுத்துவிடுங்கள் என்று.

“அப்ப அவன் நல்லவன்னு சொல்றியா?”

“நல்லவன்னு சொல்லல அத்தான். கையெழுத்து அவன் போடல.”

“யாரு பக்கம்டி நீ? கூடப் பொறந்தவதானே அவ?”

பட்டியலைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். கதவைச் சாத்திக்கொண்டார். படியில் நின்றபடியே உரக்கச் சொன்னேன், நூற்றி எண்பத்தேழாம் பக்கத்தில் அவள் பெயர் இருக்கிறது என்று. கேட்டதோ என்னவோ. வழியெல்லாம் எல்லார் மேலும் ஆத்திரம், அமைச்சர், நிருபர், தராசு, அத்தான். என் மேலும்தான்.

ஏப்ரல் 4

பேப்பர்காரர்களிடமிருந்து மூச்சில்லை. அத்தானும் ஃபோனை எடுப்பதில்லை.

ஏப்ரல் 8

தராசு ஆவணக் கூடத்துக்கு நேரில் போய்ப் பார்த்துவிட்டு எழுதியிருக்கிறார். மூன்று விஷயங்களையும் சேர்த்துவிட்டார். எட்டு ஒன்பதாகிவிட்டது. எனக்கு ஒரே வரி: “போன வருடம் நீங்கள் சொன்னது சரி. வருந்துகிறேன்.”

போன வருஷமே போய்ப் பார்த்திருக்கலாமே ஐயா! நானும்தான் போயிருக்கலாம்.

ஏப்ரல் 19

காலையில் புதுக் கணக்கு ஒன்று ஒன்பதை எட்டாக்கியது. கை துறுதுறுத்தது. தொடவில்லை. ஒரு மூக்குக் கண்ணாடிக்குத் திருகு முடுக்கிவிட்டுத் திரும்பிப் பார்ப்பதற்குள் தராசு மறுபடி ஒன்பதாக்கியிருந்தார்.

பதினோரு மணிக்கு அத்தானிடமிருந்து ஃபோன். குரலைத் தாழ்த்தி, ரகசியம் பேசுகிற மாதிரி பேசினார். “இங்க சத்தம் போடக் கூடாதாம். பெரிய கட்டா ஒண்ணு குடுத்திருக்காங்க. எத்தனாவது பக்கம்னு சொன்ன?”

“நூத்தி எண்பத்தேழு அத்தான்.”

பக்கங்கள் புரளுகிற சத்தம் கேட்டது. அப்புறம் அது நின்றது. கடையில் இரண்டு பேர் காத்திருந்தார்கள். நான் ஃபோனை வைக்கவில்லை.