நேசமணி விடமாட்டாள்

மே 14, செவ்வாய்

மழை. ரப்பர் மரத்தில் பால் வெட்டும் வேலை இல்லை. சும்மா உட்கார்ந்திருக்கிறேன். நேசமணி அடுக்களையில் மரச்சீனிக் கிழங்கின் தோலை உரித்தபடி கர்த்தரிடம் வழக்காடிக்கொண்டிருந்தாள். எல்லைப் பக்கம் என்பதால் எங்கள் சபையில் ஆராதனை மலையாளத்தில்தான். ஆனால் என் மனைவிக்குச் சண்டை என்று வந்தால் தமிழ்தான்.

அனூப் போய் இரண்டு மாதம் ஆகிறது. ஒரே மகன், இருபத்திரண்டு வயது, ரத்தத்தில் புற்று. அதன் பிறகு நான் ஜெபிப்பதில்லை. கேட்டதைக் கொடுக்காதவரிடம் இனி என்ன பேச்சு? இவள் மட்டும் ஒரு வேளைகூடத் தவறவில்லை. எங்கிருந்துதான் இந்தப் பெலன் வருகிறதோ.

மே 26, ஞாயிறு

சபைக்கு அவள் மட்டும் போனாள். வாசலில் நின்ற பெண்கள் இவளைக் கண்டதும் பேச்சை நிறுத்திவிட்டார்களாம். நிறுத்தத்தானே செய்வார்கள். பிப்ரவரியில், ரத்தம் சரியாகி வருகிறது என்று டாக்டர் சொன்னதும், இவள் சாட்சி சொல்லும் நேரத்தில் எழுந்து நின்று, மகனுக்குச் சுகம் கிடைத்துவிட்டது என்று எல்லோர் முன்னாலும் சொன்னாள். சபை முழுவதற்கும் பாயசம் கொடுத்தோம். கைதட்டிப் பாடினார்கள். பாயசம் வைக்க இரவல் வாங்கிய உருளியைத் திருப்பிக் கொடுப்பதற்குள் காய்ச்சல் வந்துவிட்டது. மார்ச்சில் அடக்கம்.

கொஞ்ச நாளைக்கு அங்கே முகம் காட்டாதே என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். கேட்கிற ஆளா?

ஜூன் 3, திங்கள்

வீட்டு ஜெபம் முறை வைத்து ஒவ்வொரு வீடாக வரும். வரும் புதன்கிழமை எங்கள் முறை. வேறு வீட்டுக்கு மாற்றிவிடு என்றேன். மீன் வாங்கிவரச் சொன்னாள்.

ஜூன் 5, புதன்

இன்று நடந்ததை எழுதி வைக்காமல் தூக்கம் வராது.

வெள்ளறடைப் பக்கத்திலிருந்து ஒரு பிரசங்கியாரைக் கூட்டி வந்திருந்தார்கள். நன்றாகத்தான் ஆரம்பித்தார். அப்புறம், விசுவாசம் குறைந்த வீட்டில் வந்த சுகமும் தங்காது என்றார். யார் வீட்டில் உட்கார்ந்து என்ன பேச்சு பேசுகிறான் மனுசன்? நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேன். நேசமணி கையைக் காட்டி உட்காரச் சொன்னாள். அவள் முகத்தைப் பார்த்து உட்கார்ந்துவிட்டேன்.

அவர் முடிக்கும் வரை காத்திருந்தாள். பிறகு எழுந்து, யாரிடமோ வழி சொல்வதுபோல அமைதியாகச் சொன்னாள்.

“அண்ணைக்கு நான் சொன்ன சாட்சி பொய்யில்ல. டாக்டர் சொன்னாரு, நம்பினேன், நன்றி சொன்னேன். பிறவு எனக்க பிள்ளய அவரு எடுத்தாரு. ஏன்னு எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது பிரசங்கியாரே. தெரியாததச் சொல்லண்டாம். நான் அவருகிட்ட கேட்டுட்டே இருக்கேன். பதில் கிட்டுத வரை விடமாட்டேன்.”

இவள் அடுக்களைக்குப் போய் மரச்சீனியும் மீன் கறியும் எடுத்து வந்தாள். பிரசங்கியாருக்கு இரண்டாம் தடவையும் கேட்டுக் கேட்டு வைத்தாள், நல்ல துண்டாகப் பார்த்து. நானாக இருந்தால் முள்ளை மட்டும் வைத்திருப்பேன்.

இவளோடு இத்தனை வருடம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன். இவள் இவ்வளவு பெரிய ஆள் என்று இன்றுதான் தெரிந்தது.

ஜூன் 6, வியாழன்

அவள் பேச்சையே நினைத்துக்கொண்டு வெட்டியதில் ஒரு மரத்தில் கத்தி பட்டையைத் தாண்டி ஆழமாக இறங்கிவிட்டது.

ஜூன் 23, ஞாயிறு

சபையிலிருந்து வந்தவளிடம் கேட்டேன், பதில் வந்ததா என்று. கொஞ்சம் குத்தலாகத்தான் கேட்டேன். வரவில்லை என்றாள். பின்னே எதற்குப் போகிறாய் என்றேன்.

“நீங்களும் அவனுக்க போட்டோகிட்ட தினமும் பேசுதீங்க. அவன் பதில் சொல்லுதானா?”

பார்த்திருக்கிறாள். அவன்கிட்ட பேசாம என்னால இருக்க முடியல்லியே, எனக்க மவனல்லவா... அப்படியென்றால் இவளுக்கும் அது அப்படித்தானோ? கர்த்தரிடம் பேசாமல் இவளால் இருக்க முடியவில்லையோ?

ஜூலை 18, வியாழன்

பக்கத்து வீட்டு ஆட்டோக்கார ரதீஷின் மனைவி ஜினி வந்தாள். அவர்கள் கும்பிடுவது அம்மன் கோயிலில். அவர்கள் குழந்தைக்கு இருதயத்தில் ஓட்டை. திங்கள்கிழமை திருவனந்தபுரத்தில் ஆபரேஷன். நேசமணி வந்து ஜெபிக்க வேண்டுமாம். இதுவும் கிடைக்காமல் போனால் என்ன ஆவது? நேசமணியும் தயங்கினாள்.

“எனக்க பிள்ளைக்குக் கேட்டது கிட்டல்ல மக்கா.”

“தெரியும் அக்கா. கிட்டாத பிறவும் கேக்குதீங்களே. அதுக்காக்கும் வந்தேன்.”

ஜூலை 21, ஞாயிறு

சாயங்காலம் ரதீஷ் வீட்டுக்குப் போனோம். இவளைத் தனியாக அனுப்ப மனம் வராமல் நானும் போனேன், அவ்வளவுதான். ஆஸ்பத்திரிக்குத் துணிப்பெட்டி கட்டித் தயாராக இருந்தது. குழந்தை தரையில் உட்கார்ந்து ஒரு மூடியை உருட்டிக்கொண்டிருந்தது.

நேசமணி முழங்காலிட்டு, குழந்தையின் தலையில் கை வைத்தாள். “கர்த்தாவே, இந்தப் பிள்ளைக்கு” என்று தொடங்கினாள். அங்கேயே ஜெபம் நின்றுவிட்டது. அடக்கத்தன்றுகூட அவள் ஜெபம் இப்படிப் பாதியில் நின்றதில்லை. தோள் குலுங்கியது. ஜினி என்ன செய்வதென்று தெரியாமல் என்னைப் பார்த்தாள்.

நான் கதவோரத்தில் நின்றிருந்தேன். உள்ளே போய் அவள் பக்கத்தில் முழங்காலிட்டேன்.

“சுகம் தாரும்” என்றேன். குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. பிறகு என்னவெல்லாம் கேட்டேன் என்று நினைவில்லை. நிறையக் கேட்டேன். முடித்ததும் ஆமென் சொன்னது நேசமணிதான்.