அணையாத வெள்ளிக்கிழமை விளக்கு

என் உயிருக்குயிரான அண்ணா,

நீ இல்லாமல் ஒரு தீபாவளியும் போய்விட்டது. நீலாய் டவுனில் என் சின்ன மகளுக்குக் கணினி நிரல் எழுதும் வேலை. போன வாரம் அவள் எழுதிய நிரல் "ஏதோ பிழை" என்று மட்டும் சொல்லி நின்றுவிட்டதாம். எங்கே, எதனால் என்று ஒரு வார்த்தை இல்லை. பாதிப் பாதியாகப் பிரித்துப் பாரடி என்றேன். உன் வித்தைதான்.

பிறகு உன் கதையைச் சொன்னேன். வெள்ளைக்காரன் ஆண்ட மலாயாவின் அவசரகாலத்தில், பகாவ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் காட்டிலிருந்த கம்யூனிஸ்ட்டுகளுக்குச் சோறு போகாதபடி நம் லயத்து வீடுகளைச் சுற்றிக் கம்பி வேலியும் விளக்கும் போட்டார்கள். விளக்குக்கு இஞ்சின் ஓட்டியவன் நீ. வெள்ளிக்கிழமை அந்தியானால் எல்லாம் அணைந்துவிடும். இஞ்சின் கொட்டகையில் பழுது என்று ஒரு சிவப்பு விளக்கு மட்டும் எரியும். வேலியோரம் முனிக்கு வைத்த படையல் அந்த இருட்டில் மறைந்துவிடும். இலை மட்டும் மடித்துக் கிடக்கும்.

முனிதான் என்று லயமே கும்பிட்டது. போலீஸ் உன்னைச் சந்தேகப்பட்டது. காட்டிலிருக்கும் கம்யூனிஸ்ட்டுகளுக்காக நீதான் அணைக்கிறாய், இன்னொரு வெள்ளி அணைந்தால் பிடித்துப்போவோம் என்று தோட்ட ஆபீஸ் கிராணியிடம் சொல்லியனுப்பினார்கள். அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை.

"செவப்பு லைட்டு அழுவும், யாரு அடிச்சான்னு சொல்லாது லா" என்று நீ இஞ்சினை விட்டு வேலிப்பக்கம் போனாய். ஒயரைப் பாதியில் கழற்றி, பழுது எந்தப் பக்கம் என்று பார்த்து, அதிலும் பாதியைக் கழற்றினாய். கடைசியில் முனியின் சூலத்தடியில் வந்து நின்றாய். அங்கே மண்ணுக்குள் ஒயர் ஒட்டு. வெள்ளிதோறும் பெண்கள் சூலத்துக்கு ஊற்றும் மஞ்சள் தண்ணீர் அதில் இறங்கியிருந்தது. ஒயரை மேலே தூக்கிக் கட்டினாய்.

அடுத்த வெள்ளியும் தண்ணீர் ஊற்றினார்கள். விளக்கு அணையவில்லை. நீ சிரித்தாய். எப்போதும்போல் இருட்டும் என்று நம்பிக் காட்டிலிருந்து வந்த ஒருவன், கம்பிக்குள் கையை விட்டுச் சோற்றை அள்ளிக்கொண்டிருந்ததைக் காவல் போலீஸ் பார்த்துவிட்டது. ஒரே துப்பாக்கிச் சூடு.

உடலைத் தூக்க உன்னையும் கூப்பிட்டார்கள். திரும்பி வந்து கையைக் கழுவிக்கொண்டே இருந்தாய். சாப்பிட்ட இலையை மடிக்கத் தெரிந்தவன், யார் வீட்டுப் பிள்ளை அண்ணா? உனக்குத் தெரிந்த முகமா? கேட்டபோதெல்லாம் எழுந்து போய்விட்டாய். இன்றும் அந்தியில் விளக்கைப் போட எனக்குப் பயமாக இருக்கிறது.

சின்னவளுக்குப் பிழை கிடைத்துவிட்டது. "அப்புறம் மாமாவுக்கு என்னாம்மா ஆச்சு?" என்று கேட்டாள். மாமாவைப் போலீஸ் பிடிக்காமல் விட்டுவிட்டார்கள் என்று மட்டும் சொன்னேன்.

உன் திதி வருகிறது. உனக்குப் போடும் இலைக்குப் பக்கத்தில் அவனுக்கும் ஓர் இலை போடுவேன். பேர் கேட்க மாட்டேன்.

உன்னோடு பிறந்தவள்,
தங்கச்சி செல்லம்மா