அவசரத்துக்கு ஒரு நம்பர்

சிறுசேரி,
செவ்வாய் காலை

அன்புள்ள அம்மாவுக்கு,

ஆண்டவர் கிருபையால் நான் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? தைலத்தை மிச்சம் பிடிக்காமல் தேயுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை திருவிடந்தைக் கடற்கரையில் ஒரு சின்னப் போட்டி. கடலில் நீந்தி, ஈசிஆர் சாலையில் சைக்கிள் ஓட்டி, கடைசியில் ஓட வேண்டும். திட்டாதீர்கள், கோயிலுக்குச் சாயங்காலம் போனேன். நீந்தும்போது ஜெல்லி மீன் காலில் பட்டுவிட்டது. வெறும் எரிச்சல்தான். ஆனாலும் கரையேறியதும் முதலுதவிக் கூடாரத்தில் உட்கார வைத்துவிட்டார்கள்.

அவசரத்துக்கு அழைக்க நான் எழுதிக் கொடுத்திருந்த நம்பருக்கு அங்கிருந்த நர்ஸ் அம்மா போன் போட்டார். "இன்னாம்மா, ஸ்விட்ச் ஆஃப்னு வருது. யாரு நம்பர் இது?" என்றார். எட்டிப் பார்த்தேன். அப்பாவின் நம்பர். அடக்கம் பண்ணி ஐந்து மாதம் ஆகியும் என் கை அதைத்தான் எழுதியிருக்கிறது.

கூட வந்திருந்த ரூம்மேட் ஜாக்குலின் என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்குச் சைக்கிள் கொடுத்த ஆபீஸ் வேன் டிரைவர் துரை அண்ணன்தான், "என் நம்பர எழுதிக்கோம்மா, நாங்க கீறோம்ல" என்றார். எழுதிக் கொடுத்துவிட்டு மீதியையும் முடித்தேன், கடைசி ஆளாக. இரண்டு பேரும் வெயிலில் காத்திருந்து கைதட்டினார்கள்.

துரை அண்ணனுக்குக் கொஞ்சம் கருப்பட்டி அனுப்புங்கள். என் பழைய போர்வையும் வேண்டும். பீரோவில் இருக்கும் அப்பா போனைச் சார்ஜ் போட்டு வையுங்கள். நான் கூப்பிட்டால் நீங்கள் எடுக்க வேண்டாம். மணி அடித்தால் போதும்.

வேன் வந்துவிட்டது அம்மா.

உங்கள்
பிரிசில்லா