பத்தாவது தேடுசொல்

2023 மார்ச் 6, திங்கள், காலை 9.40. அண்ணன் கம்பெனி சர்வரில் மொத்த மின்னஞ்சல்கள் 4,18,306.

குளிரறை எச்சரிக்கைக் கருவியின் வடிவமைப்பு யாருடையது? அண்ணனுக்கும் அவன் கூட்டாளியாக இருந்த நெட்டைக்கும் இதுதான் வழக்கு. ஆவணம் தேடும் செலவு வழக்கின் மதிப்பையே தாண்டும்போல. நீதிபதி ஒரே போடாகப் போட்டுவிட்டார். நம் சர்வரில் தேட நெட்டை தரப்புக்குப் பத்தே சொற்கள். அவர்களுடையதில் தேட நமக்குப் பத்து. செலவுக்கும் உச்சவரம்பு. சிக்குவது நமக்கே பாதகமானாலும் கொடுத்தாக வேண்டும்.

சரியான ஆள். இதை ஆரம்பத்திலேயே செய்திருக்கலாம்.

மார்ச் 9

நெட்டையின் பட்டியல் வந்தது. ஒன்பது சொற்கள் எதிர்பார்த்தவை. பத்தாவது: அழுமூஞ்சி.

“யாரு தம்பி இது? உங்க அண்ணனத் திட்டுறாரா?” என்றார் எங்கள் வக்கீலம்மா.

“இல்ல மேடம். பெட்டி.”

எங்கள் முதல் கருவி. நாங்கள் மூவரும் தொழில் தொடங்கிய மாடி அறையில் காரணமே இல்லாமல் கீ என்று அழும். நெட்டை சூட்டுக்கோலால் கம்பிகளைப் பற்றவைத்துக்கொண்டே அதற்குத் தாலாட்டுப் பாடுவான். அண்ணன் போர்வை போட்டு அமுக்குவான். நான் கல்லூரிக்கு மட்டம் போட்டுவிட்டு டார்ச் பிடிப்பேன். மூன்று பேருக்கு ஒரு மின்விசிறி. அப்போதெல்லாம் சண்டையே அதற்குத்தான்.

மார்ச் 10

தேடினேன். அந்த நாட்களில் கருவிக்கு வேறு பெயரே கிடையாது. அதனால் எல்லாமே சிக்கியது. நெட்டைக்கு அண்ணன் எழுதிய இந்த வரியும்: “அழுமூஞ்சி உன் புள்ளடா. நான் வெறும் விக்கிறவன்.”

முடிந்தது கதை.

மார்ச் 11

“ஒண்ணும் சிக்கலன்னு சொல்லிரு” என்றான் அண்ணன்.

“கோர்ட்டு உத்தரவு. முடியாது.”

“நீ யாருக்குடா தம்பி? எனக்கா, அவனுக்கா?”

“அத விடு. இத நீ எழுதினியா இல்லியா?”

கதவை அறைந்து சாத்திக்கொண்டான்.

ச்சே. நெட்டை எதுக்கு அந்தச் சொல்லைப் போட்டான்? ஜெயிக்கத்தான் — வேற எதுக்கு? இல்ல, அவனுக்கும் அந்த ரூம் ஞாபகம் வருதா?

மார்ச் 13

மொத்தத்தையும் அச்செடுத்து அண்ணன் மேசையில் போட்டேன். மதியம் எட்டிப் பார்த்தால் சிரிக்கிறான்.

“டேய், இதப் பாரேன்! போர்வை தீஞ்சது என்னாலயாம். சுட்டது அந்த நெட்டப் பயடா!”

அப்புறம் முதல் தாளிலிருந்து ஒவ்வொன்றாகப் படித்தான்.

“எல்லாத்தையும் குடுத்துரு” என்றான்.

மார்ச் 14

1. ஒன்று விடாமல் எல்லாவற்றையும் வக்கீலம்மாவிடம் ஒப்படைப்பது.
2. சமரசம் பேச அண்ணன் தயார் என்று அவரிடம் சொல்வது.
3. பரணிலிருந்து அழுமூஞ்சியை இறக்கித் துடைப்பது. பேச்சுவார்த்தைக்கு எடுத்துவரச் சொல்கிறான்.
4. அதற்குப் புது பேட்டரி.
5. ஒரு போர்வை.